பின் ஷொக் பழுதான மவுண்டன் பைக்: திருத்துவதா, மாற்றுவதா?

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது சைக்கிளுக்கு ஏற்பட்ட கேள்வியை எமது வியாபாரிகள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். புதிய சைக்கிள், ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சைக்கிள், வீட்டின் பின்புறம் துருப்பிடித்துக் கிடந்த பழைய சைக்கிள் என எல்லாமே வீதிக்கு வந்தன. அன்று வாங்கிய சைக்கிள்கள் இன்று திருத்துமிடங்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன. இவற்றுள் சைக்கிள் கடைக்காரரை அதிகம் யோசிக்க வைப்பது, நடுவில் ஷொக் அப்சோபர் பூட்டிய மவுண்டன் பைக் ஆகும்.

டயர், டியூப், பிரேக் கட்டை, செயின் போன்றவற்றில் எமது பாஸ்மாருக்குச் சந்தேகமே வராது. ஆனால் பின் ஷொக் பழுது என்று ஒருவர் வந்து நின்றால் பல கடைகளில் இரண்டில் ஒரு பதில்தான் கிடைக்கிறது. ஒன்று, "இது சரிவராது, கொண்டு போங்கள்". மற்றது, "புதுசு ஒன்று போடுவோம்". முதலாவது பதிலால் வேலை கைநழுவிப் போகிறது. இரண்டாவது பதிலால் சில வேளை வாடிக்கையாளரே கைநழுவிப் போகிறார். ஏனெனில் புதுசு போட்ட பிறகும் அதே சத்தம், அதே ஆட்டம் இருந்தால் அவர் மறுபடி உங்கள் கடைப் படி ஏறமாட்டார்.

திருத்துவதா, மாற்றுவதா என்பது கைராசியைப் பொறுத்த விடயமல்ல. எது பழுது என்று முதலில் சரியாகப் பார்த்து, பிறகு கணக்குப் போட்டு எடுக்க வேண்டிய முடிவு அது. சைக்கிள் விற்பவர், திருத்துபவர், எல்ல, நுவரெலியா போன்ற இடங்களில் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்குக் கொடுப்பவர் ஆகிய மூவருக்கும் இது பொருந்தும்.

ஷொக் செய்யும் இரண்டு வேலைகள்

பின் ஷொக்குக்கு இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, ஓட்டுபவரின் பாரத்தைத் தாங்கி, பள்ளத்தில் விழும்போது அமுங்கிக் கொடுப்பது. இதை ஸ்பிரிங் செய்கிறது. இரண்டாவது, அமுங்கிய ஸ்பிரிங் துள்ளித் திரும்பாமல் அடக்கி வைப்பது. இதை உள்ளே இருக்கும் ஒயில் செய்கிறது. சிறு துவாரங்களூடாக ஒயில் நெருக்கப்பட்டுச் செல்லும்போது துள்ளலின் வேகம் குறைகிறது. மோட்டார் சைக்கிள் ஷொக்கிலும் இதே முறைதான்.

சந்தையில் உள்ளவற்றை மூன்று வகையாகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதல் வகை, வெளியில் கம்பிச் சுருளும் உள்ளே வெறும் தண்டும் கொண்ட மலிவான ஷொக். இதில் ஒயில் இல்லை, அல்லது பெயருக்கு மட்டும் இருக்கும். எமது நாட்டில் வீதியில் ஓடும் மலிவு விலை மவுண்டன் பைக்குகளில் பெரும்பாலும் காணப்படுவது இதுதான். இரண்டாம் வகை, கம்பிச் சுருளோடு ஒயில் அடைத்த உருளையும் கொண்டது. மூன்றாம் வகையில் கம்பிச் சுருள் இல்லை. அடைக்கப்பட்ட காற்றே ஸ்பிரிங் வேலையைச் செய்யும். பக்கத்தில் கார் டயரில் உள்ளது போன்ற வால்வு ஒன்று இருக்கும். பொக்ஸ், ரொக்ஷொக்ஸ், எஸ்ஆர் சன்டூர் போன்ற பெயர்கள் பொறித்த ஷொக்குகளில் இவ்வகை அதிகம்.

முதல் வகை பழுதானால் மாற்றுவதே வழி. மூன்றாம் வகையை உடனே மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு. இரண்டாம் வகையில், சைக்கிளின் பெறுமதியைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

ஷொக்கைக் குறை சொல்லும் முன்

"பின்பக்கம் டக் டக் என்று அடிக்கிறது, ஷொக் போய்விட்டது" என்று வாடிக்கையாளர் சொல்வார். அதை அப்படியே நம்பி ஷொக்கைக் கழற்றக் கூடாது. பல வேளைகளில் தேய்ந்திருப்பது ஷொக்கின் இரு முனைகளிலும் உள்ள புஷ், அல்லது பின் சில்லைத் தாங்கும் கவை பிரேமோடு சேரும் இடத்திலுள்ள புஷ் அல்லது பெயரிங் ஆகும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். சைக்கிளின் சீட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். சில்லு நிலத்தைவிட்டு எழும்பும் முன் சிறு வெற்றாட்டம் தெரிந்தால் எங்கோ தேய்வு இருக்கிறது. இப்போது ஷொக்கின் மேல் முனையில் விரலை வைத்துக்கொண்டு மறுபடி தூக்குங்கள். பிறகு கீழ் முனையிலும், கவை சேரும் இடத்திலும் அப்படியே பாருங்கள். ஆட்டம் எங்கே என்பதை விரலே சொல்லும். பின் சில்லின் அச்சுத் தளர்ந்திருந்தாலும் இதே போன்ற ஆட்டம் வரும் என்பதால், சில்லைப் பிடித்து இருபக்கமும் அசைத்துப் பார்க்கவும் தவறக் கூடாது.

புஷ் தேய்ந்திருந்தால் புஷ்ஷை மாற்றினால் போதும். அது சிறிய பொருள், சிறிய செலவு. ஆனால் ஒரு கவனம் தேவை. பூட்டும் போல்ட் தேய்ந்திருந்தால் ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் முழுவதும் மரை வெட்டிய போல்ட்டைப் போட்டுவிடக் கூடாது. அந்த மரையே அரம் போல வேலை செய்து புதிய புஷ்ஷைத் தின்றுவிடும். புஷ்ஷுக்குள் நிற்கும் பகுதி மழமழப்பாக உள்ள போல்ட்டே தேவை.

அறிகுறியும் காரணமும்

ஆட்டம் எதுவும் இல்லை, பழுது ஷொக்கில்தான் என்று உறுதியானால் அடுத்து அறிகுறியைப் பாருங்கள்.

காற்று ஷொக் ஒரு நாளிலோ இரு நாளிலோ தானாக இறங்கிவிட்டால், சீல் அல்லது வால்வு கசிகிறது என்பது பொருள். ஷொக்கைக் கழற்றி, தண்ணீர் வாளியில் அமிழ்த்திப் பார்த்தால் குமிழி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். வால்விலிருந்து வந்தால் வால்வின் உள் ஊசியை மாற்றினால் வேலை முடிந்தது. தண்டைச் சுற்றி வந்தால் சீல் மாற்ற வேண்டும்.

பம்ப்பைக் கழற்றும்போது வரும் "புஸ்" சத்தத்தைக் கேட்டுப் பலர் ஷொக் கசிகிறது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது பம்ப்பின் குழாயில் இருந்த காற்றுத்தான். அதேபோல் மறுநாள் பம்ப்பைப் பூட்டிப் பார்க்கும்போது அளவு சற்றுக் குறைவாகக் காட்டும். ஷொக்கிலிருந்த காற்றில் ஒரு பங்கு பம்ப்பின் குழாயை நிரப்பப் போய்விடுவதே காரணம். இதைக் கசிவு என்று எண்ணி சீல் மாற்றத் தொடங்கக் கூடாது.

அமுங்கிய ஷொக் பட்டென்று துள்ளித் திரும்பினால், அல்லது அமுங்கும்போது சளசளவென்ற சத்தம் வந்தால், ஒயில் பகுதியில் பழுது உண்டு. தண்டில் மெல்லிய ஒயில் பூச்சுத் தெரிவது இயல்பு. ஒயில் வழிந்து தூசியோடு சேர்ந்து கட்டியாகியிருந்தால் அது பழுது. தண்டில் நகம் தட்டுப்படும் அளவுக்குக் கீறல் இருந்தால் எத்தனை சீல் போட்டாலும் அது மீண்டும் கசியும். அவ்விடயத்தை வேலையைத் தொடங்கும் முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

கடையில் செய்யக்கூடியதும் கூடாததும்

காற்று ஷொக்கின் வெளி உருளையைத் திறந்து, துடைத்து, சீல் தொகுதியை மாற்றி, உரிய கிறீஸ் பூசிப் பூட்டுவது கவனமுள்ள எந்த பாஸும் கற்றுக்கொள்ளக் கூடிய வேலைதான். ரொக்ஷொக்ஸ் நிறுவனம் இவ்வேலையை 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யுமாறு கூறுகிறது. பொக்ஸ் நிறுவனம் 125 மணித்தியாலம் அல்லது ஒரு வருடம், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது முழுமையான சேர்விஸ் செய்யச் சொல்கிறது. எமது வாடிக்கையாளர்களில் பலர் ஐந்து வருடமாக ஒருமுறைகூடத் திறக்காத ஷொக்கைத்தான் கொண்டு வருகிறார்கள். எனவே "பழுது" என்று வருவதில் ஒரு பகுதி உண்மையில் சேர்விஸ் செய்யாமையே ஆகும்.

இங்கு பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கார் டயரில் 30 பிஎஸ்ஐ அளவில் காற்று இருக்கும். இந்தச் சிறிய ஷொக்கில் 100 முதல் 300 பிஎஸ்ஐ வரை அடைக்கப்பட்டிருக்கும். எனவே திறக்கும் முன் பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும். முதலில் பம்ப்பைப் பூட்டி இருக்கும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வால்வை அழுத்திக் காற்றை மெதுவாக வெளியேற்றுங்கள். இடையிடையே ஷொக்கை அமுக்கி விட்டு மீண்டும் வெளியேற்றுங்கள். காற்று முற்றாகப் போன பின்பே சைக்கிளிலிருந்து கழற்றித் திறக்க வேண்டும்.

காற்று முழுவதையும் வெளியேற்றிய பின்னும் ஷொக் நீளாமல் அமுங்கியபடியே நின்றால், அதைத் திறக்கவே வேண்டாம். உள்ளேயுள்ள இரண்டாவது அறையில் காற்று சிக்கியிருக்கிறது. திறந்த மாத்திரத்தில் உருளை துப்பாக்கிக் குண்டு போலப் பாயலாம். கையும் கண்ணும் போன பிறகு கூலி வாங்கி என்ன பயன்?

அதேபோல் ஒயில் பகுதிக்குள் பல ஷொக்குகளில் மிக உயர்ந்த அழுத்தத்தில் நைட்ரஜன் அடைக்கப்பட்டிருக்கும். அதைத் திறக்கவும் மீண்டும் நிரப்பவும் தனியான கருவிகள் வேண்டும். கார் டயருக்கு நைட்ரஜன் நிரப்பும் இடத்தில் இதைச் செய்துவிடலாம் என்று எவரும் எண்ணக் கூடாது. கருவி இல்லாதவர் "இது என்னால் இயலாது" என்று சொல்வதில் குறைவொன்றும் இல்லை.

மாற்றுவதென்றால் அளவு முக்கியம்

பழைய ஷொக்கைக் கையில் எடுத்துக்கொண்டு டாம் வீதிக்குச் சென்று "இது போல ஒன்று தாருங்கள்" என்று கேட்பது எமது வழக்கம். இணையம் மூலம் தருவிப்பவர்கள் படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். இரண்டிலும் நட்டம் வர இடமுண்டு. நான்கு அளவுகளை எழுதி வைத்துக்கொண்டே வாங்க வேண்டும்.

முதலாவது, இரு முனைத் துவாரங்களின் நடுவுக்கு நடு நீளம். நடுப்புள்ளியைக் கண்ணால் மதிப்பிடத் தேவையில்லை. துவாரங்கள் இரண்டும் ஒரே அளவாக இருந்தால், ஒரு துவாரத்தின் கீழ் விளிம்பிலிருந்து மற்றத் துவாரத்தின் கீழ் விளிம்பு வரை அளந்தால் அதுவே நடுவுக்கு நடு நீளம். மலிவு ரகங்களில் 125, 150, 165, 190 மி.மீ. அளவுகள் அதிகம் கிடைக்கின்றன. ஷொக் முழுமையாக நீண்டிருக்கும் நிலையிலேயே அளக்க வேண்டும்.

இரண்டாவது, ஷொக் அமுங்கும் தூரம். நீளம் ஒன்றாக இருந்து இது கூடினால், பின் டயர் சீட் குழாயில் போய் முட்டலாம். மூன்றாவது, பூட்டும் போல்ட்டின் பருமன். நான்காவது, ஷொக் முனை உட்காரும் இடத்தின் அகலம். பின்னைய இரண்டும் பிரேமுக்குப் பிரேம் மாறுவதால் உயர்ந்த ரக ஷொக்குகள் புஷ்ஷும் வொஷரும் இல்லாமலே விற்கப்படுகின்றன. அவற்றை வேறாக வாங்க வேண்டும் என்பதை அறியாமல் விலை சொன்னால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

இன்னொரு விடயம். 2016ஆம் ஆண்டு முதல் உயர்ந்த ரக ஷொக்குகளுக்கு மெட்ரிக் எனப்படும் புதிய அளவு வரிசை வந்துள்ளது. பழைய வரிசையில் 190க்கு 50, 200க்கு 57, 216க்கு 63 என்று வரும். புதிய வரிசையில் 210க்கு 50, 210க்கு 55, 230க்கு 60 என்று வரும். "கொஞ்சம்தானே வித்தியாசம்" என்று ஒன்றின் இடத்தில் மற்றதைத் திணிக்க முடியாது. நீளம் 10 மி.மீ. கூடினாலும் சைக்கிளின் பின்பகுதி உயர்ந்து, ஓட்டும் தன்மையே மாறிவிடும்.

புதியதைப் பூட்டியதும் ஒப்படைத்துவிடக் கூடாது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அல்லது காற்றை இறக்கிவிட்டு, பின் சில்லை முழுவதுமாக மேலே தள்ளிப் பாருங்கள். டயரோ ஷொக்கோ பிரேமில் எங்கும் படாமல் இருந்தால்தான் வேலை சரி.

ஓட்டுபவரின் நிறை

ஷொக்கின் கம்பிச் சுருளில் 550, 650, 750, 850 என்று இலக்கங்கள் இருக்கும். இது அந்தச் சுருளை ஓர் அங்குலம் அமுக்கத் தேவையான இறாத்தல் அளவு. இலக்கம் கூடினால் தரமும் கூடும் என்று சிலர் நினைப்பது தவறு. கூடினால் இறுக்கம் கூடும், அவ்வளவுதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 70 கிலோ நிறையுள்ள ஒருவர். சைக்கிளின் பின் சில்லு மொத்தம் 100 மி.மீ. அசைகிறது, ஷொக் 38 மி.மீ. அமுங்குகிறது. அப்படியானால் நெம்புகோல் முறையில் ஷொக்கின்மேல் விழும் பாரம் சில்லின்மேல் விழுவதைப் போல ஏறத்தாழ 2.6 மடங்கு. ஓட்டுபவரின் நிறையில் 65 வீதம் பின்னால் விழுகிறது என்று கொண்டால் ஷொக்கின்மேல் சுமார் 120 கிலோ, அதாவது 264 இறாத்தல். அவர் சீட்டில் அமர்ந்ததும் ஷொக் அமுங்கும் தூரத்தில் கால்பங்கு, 9.5 மி.மீ., இறங்க வேண்டும் என்றால் தேவையான சுருள் ஏறத்தாழ 700. எனவே 650 அல்லது 750 பொருந்தும். அதே சைக்கிளில் 50 கிலோ நிறையுள்ள மாணவருக்கு 500 போதும். 90 கிலோ நிறையுள்ளவருக்கு 900 வேண்டும்.

மிருதுவான சுருளைப் போட்டுவிட்டு அதன் வளையத்தை இறுக்கிச் சமாளிப்பது தீர்வாகாது. காற்று ஷொக்கில் இந்தச் சிக்கல் இல்லை. அமர்ந்ததும் கால்பங்கு முதல் 30 வீதம் வரை இறங்கும்படி காற்றைக் கூட்டிக் குறைத்தால் சரி. எனவே ஷொக் மாற்ற வரும் ஒவ்வொருவரிடமும் நிறையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்காமல் பூட்டிய ஷொக் ஆறு மாதத்தில் திரும்பி வந்தால் அதைப் பொருளின் குறை என்று சொல்ல முடியாது.

கணக்கு எங்கே முடிகிறது?

கணக்கை விளங்கிக்கொள்வதற்காக மட்டும் சில தொகைகளைப் போட்டுப் பார்ப்போம். விலைகள் இடத்துக்கு இடம் மாறும்.

ஒருவரின் சைக்கிள் இன்று விற்றால் 25,000 ரூபா பெறும். புதிய சுருள் ஷொக் 4,500 ரூபா, கூலி 1,000 ரூபா. புஷ் மட்டும் மாற்றினால் எல்லாமாக 1,500 ரூபா. ஆட்டம் புஷ்ஷில்தான் என்றால் 1,500 ரூபாவுக்கே வேலை முடிகிறது. ஷொக்கே போய்விட்டதென்றால் 5,500 ரூபா நியாயமானது. ஆனால் அதே சைக்கிளில் கவையின் பெயரிங்கும் போய், பிரேமின் ஒட்டில் வெடிப்பும் இருந்தால் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம் என்று சொல்வதே நேர்மை.

இன்னொருவரின் சைக்கிளில் காற்று ஷொக். புதியது 90,000 ரூபா, சீல் தொகுதியும் கூலியும் 12,000 ரூபா. தண்டில் கீறல் இல்லையென்றால் திருத்துவதே சரி. திருத்தச் செலவு புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாகவும், திருத்திய பின் ஒரு வருடமாவது ஓடும் என்ற நம்பிக்கையும் இருந்தால் திருத்துங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மாற்றுங்கள். இது எனது கணக்கு. உங்கள் கடை அனுபவத்துக்கேற்ப இதைக் கூட்டிக் குறைத்துக் கொள்ளலாம்.

ஷொக்குக்குப் பதிலாக இரும்புத் துண்டொன்றை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. செலவு மிகக் குறைவு என்பதால் வாடிக்கையாளரே கேட்பார். ஆனால் அசைவதற்கென்று செய்யப்பட்ட பிரேமில் அசைவை நிறுத்திவிட்டால், ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் ஷொக் பூட்டும் காதிலும் கவை சேரும் இடத்திலும் நேராக விழும். இறக்கமான பாதையில் அது முறிந்தால் போவது சைக்கிள் மட்டுமல்ல. இந்த வேலையை மறுத்துவிடுவதே நல்லது.

கடைக்காரருக்குச் சில யோசனைகள்

சைக்கிளை எடுக்கும்போதே என்ன குறை, எவ்வளவு செலவு என்பதைத் துண்டில் எழுதி ஒரு பிரதியைக் கொடுங்கள். திறந்த பிறகு வேறு பழுது தெரிந்தால் தொலைபேசியில் கேட்டுவிட்டே தொடருங்கள். கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளரிடமே திருப்பிக் கொடுங்கள். அவரது சைக்கிள் உங்களிடம் இருக்கும் வரை அமானிதம் ஆகும்.

எல்லா அளவு ஷொக்கையும் வாங்கி அடுக்கி முதலை முடக்க வேண்டாம். உங்கள் ஊரில் அதிகம் ஓடும் இரண்டு, மூன்று அளவுகளும், பல ரகப் புஷ்ஷும் வால்வு ஊசியும் கையிருப்பில் இருந்தால் போதும். ஷொக் பம்ப் ஒன்று கட்டாயம் தேவை. சாதாரண டயர் பம்ப்பால் அந்த அழுத்தத்தைக் கொடுக்கவும் முடியாது, நுணுக்கமாக அளக்கவும் முடியாது. பாவித்த ஷொக் விற்பவர்கள் அது பாவித்தது என்பதையும், தண்டில் கீறல் இருந்தால் அதையும் சொல்லி விற்க வேண்டும்.

வாடகைக்குக் கொடுப்பவர்கள் ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிய கொப்பி ஒன்றை வைத்து, ஓடிய மணித்தியாலத்தையும் சேர்விஸ் திகதியையும் குறித்து வரலாம். உல்லாசப் பயணி ஒருவர் மலைப்பாதையில் நடுவழியில் நின்றால் அன்றைய வாடகை மட்டுமல்ல, அவர் மற்றவர்களுக்குச் சொல்லப்போகும் வார்த்தையும் நட்டக் கணக்கிலேயே சேரும்.

1,500 ரூபாவுக்கு முடியும் வேலையை 5,500 ரூபாவாக்கினால் இன்று 4,000 ரூபா கூடுதலாகக் கிடைக்கலாம். "உங்கள் ஷொக் நன்றாக இருக்கிறது, புஷ் மட்டும்தான்" என்று கேட்ட வாடிக்கையாளர் அடுத்த முறை டயருக்கும், அதற்கடுத்த முறை மகனுக்குப் புதிய சைக்கிள் வாங்கவும் உங்களிடமே வருவார்.